மதினியின் நம்பரை யாரும் எடுக்க வேண்டாம்

என் அன்பு மதினிக்கு,

உங்கள் போன் நம்பர் மறுபடி உயிரோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்ற செய்தியெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

"டீச்சரம்மா, சுத்தி வளைக்காம விசயத்துக்கு வாங்க" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. முப்பத்து நான்கு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவள் நான். சுற்றி வளைக்காமல் எனக்கு ஒன்றும் சொல்ல வராது. நீங்களும் முன்பெல்லாம் அதைப் பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது பொறுத்துக்கொள்ள உங்களுக்கு நேரம் நிறைய இருக்குமே?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மதினி, என் அண்ணன் மனைவி. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் தெரு ஒன்றில், வீட்டுக்குள்ளேயே சேவு போட்டவர். காரச்சேவும் சீனிச்சேவும் டின்னில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, சுற்று வட்டாரத்து டீக்கடைகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் அனுப்புவார். அண்ணன் காலமான பிறகு அந்த ஒற்றை எண்ணெய்ச் சட்டியை வைத்துத்தான் மகள் செல்வியை வளர்த்து, கட்டிக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து தெரியாது.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது மதினி. செல்வி மில் வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள், நீங்கள் போன பிறகும் இங்கேயே இருந்து சட்டியை அடுப்பில் ஏற்றினாள். உங்கள் கைப்பக்குவம் அவளுக்கு வந்திருக்கிறது. துளைக்கரண்டியில் மாவைத் தேய்க்கும்போது உங்களைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சேவில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

அவளிடம் இருந்தது ஒரே போன். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கும் மாப்பிள்ளை பேசுவதும் அதில்தான். பிள்ளையின் வீட்டுப்பாடம் வருவதும் அதில்தான். கடைக்காரர்கள் கூப்பிடுவதும் அதில்தான். எண்ணெய் காய்ந்திருக்கும் நேரத்தில் அது அடிக்கும். வெளியே தறிச் சத்தம். மாவுக் கையோடு எடுப்பதற்குள் நின்றுவிடும். யார் கூப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று தெரியாமல், குத்துமதிப்பாக டின்களைப் பஸ்ஸில் ஏற்றுவாள். பாதி திரும்பி வரும். நமுத்துப் போன சேவை நாங்களே எத்தனை நாள் தின்பது?

ஒருநாள் பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தே, மில்லு சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. ஆடி முடியறதுக்குள்ள வந்தா எடம் இருக்காம். இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாகளாம்."

"போறியா?"

"போனா இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டுன வீட்டுக்கு முன்னால உக்காந்திருப்பா. போகலன்னா, இந்தச் சேவ நம்பிக்கிட்டு..." "ஆடி வரைக்கும் பாக்கேன் அத்தே. சட்டி நின்னு பேசுனா இருக்கேன். இல்லாட்டி மில்லு வேனுல ஏறிருவேன்."

ஆடி பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு போன் லைன் வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. இவ்வளவுதானே, இதைக்கூடச் செய்ய முடியாத அத்தை என்ன அத்தை என்று நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் கருப்பசாமியை உங்களுக்குத் தெரியாது. என்னிடம் படித்தவன். இப்போது அவனுக்கே நாற்பத்தைந்து வயது. கடைக்குள் நான் நுழைந்ததும் எழுந்து நின்றான். "டீச்சர், கணக்குல எனக்கு முட்டை போட்டீகளே, நெனவிருக்கா? அந்த முட்டையக் குஞ்சு பொரிச்சுத்தான் இந்தக் கடை" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி இது. "உங்க மதினி நம்பரு என்னாச்சு?"

பொத்தான் போன் ஒன்று, ஞாபகம் இருக்கிறதா? இடுப்பில் செருகியபடியே இருப்பீர்களே. நீங்கள் போன அன்று யாரோ அதை அணைத்து அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. கருப்பசாமி தலையில் கை வைத்தான். "கடைக்காரவுக மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிற நம்பரு டீச்சர் அது. இப்பிடியே கெடந்தா கம்பெனிக்காரன் வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துருவான்."

எனக்கு அது திக்கென்றது. இறந்தவரின் சேலையை யாராவது கட்டிக்கொள்ளலாம். நம்பரைக்கூடவா? மறுநாளே இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, செல்வியையும் கூட்டிக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உங்கள் பெயரை வாசித்துவிட்டு, "இந்த நம்பர் இன்னும் இவங்க பேர்லதான் இருக்கு மேடம்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரேஷன் கார்டில் அடித்தாயிற்று, வாக்காளர் பட்டியலில் அடித்தாயிற்று. எங்கோ ஓர் இடத்தில் நீங்கள் அடிபடாமல் இருந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். செல்வி பெயருக்கு மாற்றித் தந்தார்கள்.

பிறகு கருப்பசாமி ஒரு வித்தை காட்டினான். வீட்டுக்குக் கம்பி இழுக்க வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் நமக்கு ஒரு லைன். உங்கள் நம்பருக்கு வரும் அழைப்பெல்லாம் அங்கே திரும்பிப் போகும். வீடு மாறியவருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் புது விலாசத்துக்குத் திருப்பி எழுதி அனுப்புவாரே, அந்த மாதிரி. அங்கே ஒரு குரல் அழைப்பை எடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். செல்வி சட்டியை இறக்கிவிட்டுச் சாவகாசமாகப் பார்த்தால் போதும். மாத வாடகை, இரண்டு கிலோ சேவு விலைகூட இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு இருக்கிற வசதி, ஒரு சேவுச் சட்டிக்கு! பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதில் எந்தப் பக்கமாக நம் காரச்சேவு ஆர்டர் போகும் என்று.

அந்தக் குரல் யாருடையது என்று கேட்க மாட்டீர்களா? என்னுடையதுதான். தறி ஓடாத வெள்ளிக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு ஏழு தடவை பேசிப் பதிவு செய்தேன். "வணக்கம். செல்வி பலகாரத்தைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. காரச்சேவுக்கு எண் ஒன்றை அழுத்தவும். சீனிச்சேவுக்கு எண் இரண்டை அழுத்தவும். இரண்டும் வேண்டுவோர் எண் மூன்றை அழுத்திவிட்டு, அளவைத் தெளிவாகச் சொல்லவும்." சொல்வதெழுதுதல் மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு. செல்வி கேட்டுவிட்டு, "அத்தே, கேக்கும்போதே கைய நீட்டணும் போல இருக்கு, பெரம்படிக்கு" என்றாள்.

இனிப் பழைய நம்பருக்கே கூப்பிடலாம் என்று பஸ் கண்டக்டர்கள் வழியாகக் கடைகளுக்குச் சொல்லி அனுப்பினோம். லைன் உயிர் பெற்ற முதல் நாள் காலையிலேயே அழைப்புகள் வந்தன. செல்வியின் போனில் பட்டியலாக விழுந்தது. நாங்கள் இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். மூன்று நொடி. நான்கு நொடி. இரண்டு நொடி. ஒருவர்கூட ஒன்றையோ இரண்டையோ அழுத்தவில்லை. வணக்கம் என்ற சொல் முடிவதற்குள் எல்லாரும் வைத்துவிட்டார்கள்.

பழகட்டும் என்றேன். முதல் வாரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அழத்தானே செய்யும்? ஆனால் நாளுக்கு நாள் அழைப்பு குறைந்ததே தவிர, ஆர்டர் வரவில்லை. ஒரே ஒரு நம்பர் மட்டும் குறையாமல் வந்தது. விடிந்ததும் வரும். மற்றவர்களைப் போல உடனே வைக்காது. நான் பேசியதெல்லாம் முடிந்து, குறித்துக்கொள்ளும் மணி அடித்து, பிறகும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கும். வைத்ததும் உடனே மறுபடி வரும். ஒரே காலையில் பதினைந்து தடவை.

பதிவாகியிருந்ததைப் போட்டுக் கேட்டோம். பேச்சு இல்லை. மூச்சு மட்டும். பிறகு நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம். டொக். டொக்.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை ஊரில் இல்லாத வீடு. யாரோ ஒருவன் தினமும் பொம்பளைக் குரலைக் கேட்பதற்காகவே கூப்பிடுகிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் அது வந்தபோது, குரலை நிறுத்திவிட்டு நானே நேரில் எடுத்தேன். "யாருய்யா நீ? வாயில என்ன கொழுக்கட்டையா? அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்று, இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். பதிலுக்கு மூச்சு. டொக். டொக். அந்த நம்பரை அப்படியே தடை செய்துவிட்டேன். இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் நம்மை எட்டாது. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காப்பி குடித்தேன் மதினி.

ஆடியின் கடைசி வாரமும் வந்தது. அடுப்பு இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் எரிந்தது. வியாழக்கிழமை செல்வி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "திங்கக்கெழமை வாரேண்ணே" என்று சொன்னதை நான் உள்ளறையிலிருந்து கேட்டேன். அன்று மதியம் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அது சும்மா சுத்தம் செய்தது இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மல்லாங்கிணறு பஸ் ஏறினேன். ஏன் யாரும் வாங்கவில்லை என்று ஒருவரிடமாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்ற வீம்பு. உங்கள் பழைய வாடிக்கை, டீக்கடை பேச்சியம்மாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"வாங்க டீச்சரு. சேவு எங்க? அடுப்ப அணச்சிட்டீகளா?"

"நீங்கதானம்மா ஆர்டர் சொல்லல?"

"சொல்லலையா? நல்லாயிருக்கே கத! ரெண்டு மிஸ்டு காலு விடலாமுன்னு போனத் தொட்டா, தொட்ட கையி எடுக்கல, ஒரு பொம்பள எடுத்து வணக்கங்கிறா. யாரோ பெரிய ஆபீசரம்மான்னு நானும் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லிட்டேன். அவ பாட்டுக்கு ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்கிறா. எங் கையி பூரா பாலு. எத அமுக்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.

"அந்தப் பொம்பள நான்தாம்மா" என்றேன்.

"அய்ய, நீங்களா! கொரலு வெறப்பா இருக்கேன்னு பாத்தேன்."

"மிஸ்டு கால் எதுக்கு? எடுத்துப் பேசியே சொல்லலாமே?"

பேச்சியம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எடுத்தா எப்பிடிச் சொல்றது? எடுக்காம இருந்தாத்தான சொல்ல முடியும்? ஒரு மிஸ்டு காலுன்னா வழக்கமான டின்னு. ரெண்டுன்னா கூட ஒரு டின்னு. மூணுன்னா இன்னைக்கு வேண்டாம். உங்க மதினி பதிலுக்கு ஒரு ரிங்கு விட்டு கட் பண்ணுவாக, 'சரி'ன்னு. இத்தன வருசத்துல ஒரு டின்னு மாறி வந்ததில்ல தெரியுமா?"

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், ஆரம்பியுங்கள் எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் அந்த ஒரு சொல்லைக்கூட மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள். நான் என்ன செய்திருக்கிறேன்? ஒவ்வொருவரும் "உள்ளேன்" என்று வாயைத் திறக்கும்போது, அவர்கள் வாயைப் பொத்திவிட்டு நானே பேசியிருக்கிறேன்.

"யாரு கண்டுபிடிச்சது இத?" என்று கேட்டேன்.

"உங்க மதினிதான். பரளச்சியில பெட்டிக்கட வச்சிருக்காருல்ல பால்ச்சாமி, அவருக்காக ஆரம்பிச்சது. அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. போன வச்சு என்ன பண்ணுவாரு? எங்களுக்கெல்லாம் வாயிருந்தும் இதுதான் தோது. வாயத் தொறந்தா உங்க மதினி அர மணி நேரம் விட மாட்டாகளே!"

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூச்சு. நகத்தால் தட்டும் சத்தம். பதினைந்து தடவை.

சனிக்கிழமை செல்வியை இழுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனேன். கையில் ஒரு டின் காரச்சேவு. அதற்காகவே கவிழ்த்த சட்டியை நிமிர்த்திப் போட்டது. "போற போக்குல சொல்லிட்டு வருவோம் அத்தே, இனிமே சேவு வராதுன்னு" என்றாள் செல்வி. பஸ் கரிசல் காட்டுக்குள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டு வந்தேன். காது கேட்காதவரிடம் எந்த வாக்கியம்?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. சட்டைப்பையில் போன் துருத்திக்கொண்டிருக்க, அறுபதை நெருங்கிய மனிதர் ஒருவர் வாழைத்தாரைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழுதட்டைக் கடித்தபடி டின்னோடு நின்ற செல்வியைப் பார்த்ததும் கயிறு கையிலேயே நின்றுவிட்டது. தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டி, அவளைக் காட்டி, வானத்தைக் காட்டினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "சேவுக்காரவுக மகளான்னு கேக்காரு" என்றார். "சாவுக்கு வந்திருந்தாரும்மா இவரு. கூட்டத்துல நின்னுட்டு, கையில இருந்த காலி டின்ன வாசல்ல வச்சிட்டு வந்துட்டாரு."

நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் பேசிக்கொண்டே போக, அவர் தன் கையை வாத்து வாய் மாதிரி திறந்து திறந்து மூடி, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டீச்சரான்னு கேக்காரு" என்றார்.

பிறகு பால்ச்சாமி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். உங்கள் நம்பர்மேல் உங்கள் படம் இருக்கிறது மதினி. இந்தக் கடை வாசலில், டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தபடி. இந்தக் கடைக்கு நீங்களே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? எங்களிடம் சொல்லவே இல்லையே?

அவர் கையால் காட்டக் காட்ட, மனைவி சொல்லச் சொல்ல, எனக்கு விளங்கியது இது. நீங்கள் போனது தெரிந்தும், தினமும் காலையில் ஒரு தடவை உங்கள் நம்பரைப் போடுவாராம். பழக்கம். மணி போகாது, திரையில் உங்கள் படம் வந்து மறையும். அது போதும் அவருக்கு. ஒன்பது மாதம் அப்படித்தான். திடீரென்று ஒருநாள் படத்துக்குக் கீழே நொடி ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இத்தனை வருஷத்தில் ஓடாத நொடி. அதாவது, அந்தப் பக்கம் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு என் வணக்கம் கேட்கவில்லை. எண் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ இருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தான் இருப்பதை எப்படிச் சொல்வது? நகத்தால் தட்டியிருக்கிறார்.

இன்னும் ஒன்று சொன்னார் அவர் மனைவி. "மழ விழுந்தா இவரு கட் பண்ணாம முழு ரிங்கும் விடுவாரு. உங்க மதினிக்கு இங்கதான பொறந்த வீட்டுக் காடு?" சித்திரை வெயிலில், பளிச்சென்ற வானத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "எங்கூருல மழ பேயுது டீச்சரம்மா" என்பீர்களே! நான் சிரித்துக்கொள்வேன். பிறந்த ஊர்ப் பாசம், வேறென்ன என்று. உங்கள் இடுப்பில் அந்தப் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாத தெருவில் நீங்கள். சத்தமே இல்லாத உலகத்தில் அவர். இடையில் இத்தனை மைல் கரிசல் காடு. ஓர் எழுத்து இல்லாமல், ஒரு சொல் இல்லாமல், மழை பெய்வதைக்கூடப் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்ததை ஆயுசுக்கும் பெரிய வேலையென்று நினைத்திருந்தவள் நான். அந்தக் கடை வாசலில் எனக்குக் கைகூப்பத் தோன்றியது, யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டுமே. வாக்கியம் எதுவும் உதவாது. சட்டென்று இரண்டு கைகளையும் குறுக்காக மாற்றி, என் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டேன். எத்தனை பிள்ளைகளை அப்படி நிற்க வைத்திருக்கிறேன்! பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பால்ச்சாமி ஒரு கணம் விழித்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. ஒரு விரலை நீட்டி, கீழே காட்டினார்.

"ஒரு தோப்புக்கரணமாவது போடணுமாம்" என்றார் மனைவி. முழங்கால் வலியோடு போட்டேன் மதினி. செல்வி, நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் நேராகக் கருப்பசாமி கடை. தடையை நீக்கச் சொன்னேன். உங்கள் நம்பரைத் திருப்பி அனுப்புவதை நிறுத்தி, உங்களுடைய அந்தப் பொத்தான் போனிலேயே போடச் சொன்னேன். என் குரல், டவுன்காரர்கள் கூப்பிட வேறொரு நம்பரில் இருக்கட்டும். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீச்சர், யாரும் எடுக்கக் கூடாதுன்னு போன் லைன் வாங்குன மொத ஆளு நீங்கதான்" என்றான். இதைவிட மலிவான லைன் தமிழ்நாட்டிலேயே இல்லையாம். நம்பர் சாகாமல் இருக்க அவ்வப்போது ஒரு ரீசார்ஜ். அவ்வளவுதான்.

"சரி, நம்பரு வந்திருச்சு. ஆனா எல்லாரும் பயந்துல்ல போயிட்டாக" என்றாள் செல்வி. உண்மைதான். பேச்சியம்மா வழியாகவும் கண்டக்டர்கள் வழியாகவும், அந்த வணக்கம் சொல்லும் பொம்பளை போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் சும்மாவே கிடந்தது. சூப்பர்வைசரிடம் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலை. செல்வி மில்லுக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தாள். ஆனாலும் மாவைப் பிசைந்து வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. போன் என் உள்ளங்கையில் இருந்தது. தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. தெருமுனையில் வேன் வந்து நின்றது ஜன்னலில் தெரிந்தது.

கை அதிர்ந்தது.

என் கட்டைவிரல் தன்னால் பச்சைப் பொத்தானுக்குப் போய்விட்டது. செல்வி என் கையில் ஓர் அடி போட்டாள். "எடுக்காதீக அத்தே!" நின்றது. திரையில் பரளச்சி. இருவரும் திரையையே பார்த்தோம். மறுபடி அதிர்ந்தது. நின்றது. இரண்டு. மூன்றாவது வருமோ, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எத்தனை நேரம் நின்றோம்? வரவில்லை. இரண்டுதான்.

செல்வி அந்த நம்பரைப் போட்டு, ஒரு மணி போனதும் வைத்தாள். அந்த நேரத்தில் பரளச்சியில் ஒரு சட்டைப்பை அதிர்ந்திருக்கும்.

அவள் அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்புவதற்குள் என் கை மறுபடி அதிர்ந்தது. மல்லாங்கிணறு. பிறகு திருச்சுழி ரோட்டுக் கடை ஒன்று. பிறகு பெயர் தெரியாத ஒரு நம்பர், பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக, ஊர் ஊராக, என் உள்ளங்கைக்குள் வந்து தட்டிவிட்டுப் போயின. இத்தனை பேரை இடுப்பில் செருகிக்கொண்டா நீங்கள் எங்கள் நடுவே நடமாடினீர்கள்?

வேன்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "செல்வி, வரலையா? நேரமாச்சு!" தறிச் சத்தத்தில் அவர் வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. செல்வி மாவு அப்பிய இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவர் மாவையும் காய்கிற எண்ணெயையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேன் திரும்பிப் போவதை அவள் பார்க்கக்கூட இல்லை. கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்து, மாவைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

மதினி, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரோடும் என்னென்ன பேசி வைத்திருந்தீர்கள் என்று எங்களுக்கு இன்னும் பாதிகூடத் தெரியாது. நான்கு தடவை விடுகிற ஒருவர் இருக்கிறார். அதற்கு என்ன அர்த்தமோ? ஆவணி பிறந்ததும் நானும் செல்வியும் கடை கடையாகப் போகிறோம். அவர்கள் சொல்லித் தரட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன், திருத்த மாட்டேன், கற்றுக்கொண்டு வருவேன்.

காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உங்கள் நாத்தனார்
சரஸ்வதி